பெஞ்சு கோட்டா

சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் எனக்கு இரண்டு ஷெட். இரண்டையும் நானே கட்டினேன். தகடு வெட்டுகிற பட்டறை ஒன்று, லாரி மூன்று. விம்கோ நகரில் மாடி வீடு. அதன் ஜன்னல் கிராதி, படிக்கட்டுக் கைப்பிடி, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் தாங்கி எல்லாம் என் பட்டறையில் வளைந்தவை. எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை மீனுக்கு ஐஸ் உடைக்கிற கொட்டகைகளில் பாதி என் தூண்களின்மேல் நிற்கிறது. எங்கள் தெரு அம்மன் கோயிலுக்கு இரும்புக் கதவு நான் போட்டது. ஒரு புயலில் கோயில் கூரை பறந்தது, கதவு அசையவில்லை.

இவ்வளவையும் செய்தவன் மூன்றாம் வகுப்போடு நின்றவன். புளியந்தோப்பில் ஒற்றை அறையில் எட்டுப் பேரோடு வளர்ந்தவன். பதினான்கு வயதில் தோளில் சாக்கைப் போட்டுக்கொண்டு தகடு தூக்கப் போனவன். இடது கையில் மோதிர விரலின் நுனி இல்லை. எங்கே போயிற்று என்று யாராவது கேட்டால், தொழிலில் முதலீடு போட்டிருக்கிறேன் என்பேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று இந்த இடத்தில் எழுதுவார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

இந்தப் பட்டியலின் கடைசியில் பல வருஷம் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மகளுக்கு அந்தப் பெரிய கல்லூரியில் இடம் பிடித்துக் கொடுத்தவன் நான் என்று. அது பொய். அந்த இடத்தை அவளே பிடித்தாள். அதை நான் சொல்ல வேண்டிய ஒரு நாள் வந்தது. அன்றைக்குச் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. நகரத்துக்கு நடுவில், சேசு சபைப் பாதிரியார்கள் நடத்துகிற கல்லூரி. எங்கள் பக்கத்தில் ‘ஃபாதருங்க காலேஜ்’ என்பார்கள். அதில் பி.பி.ஏ. படிக்கப் போகிறேன் என்றாள். என்ன படிப்பு என்று கேட்டேன். வியாபாரம் பண்ணுவது எப்படி என்கிற படிப்பு என்றாள்.

“அதுக்கு இன்னாத்துக்கு அம்மாந்தூரம் போற? நம்ம ஷெட்டுல வந்து குந்து. மூணு மாசத்துல கத்துக்கலாம்.”

“நீ யாவாரம் பண்ற நைனா. ஏன் அப்படிப் பண்றேன்னு கேட்டா உனக்குச் சொல்லத் தெரில. அதைத்தான் நான் படிக்கப் போறேன்.”

விண்ணப்பத்தை அவளே போய் வாங்கி வந்தாள், அவளே நிரப்பினாள். அவள் பென்சிலில் கோடு போட்டுக் காட்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். என் வேலை அவ்வளவுதான். நேர்காணலுக்கு அவளோடு போனேன். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. ஒரு கால் மணி நேரம் அவளை உள்ளே வைத்துக் கேள்வி கேட்டார்கள். இரும்பு விலை இறங்கும்போது உங்கள் அப்பா என்ன செய்வார் என்று கேட்டார்களாம். “இறங்கும்போது வாங்குவாரு. ஏறும்போது விப்பாரு. ரெண்டுக்கும் நடுவுல பேசிக்கிட்டே இருப்பாரு” என்றாளாம். அறை முழுக்கச் சிரித்ததாம்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் அரைக்கைச் சட்டை போட்ட ஒல்லியான மனிதர். செருப்பு தேய்ந்திருந்தது. குமாஸ்தா என்று நினைத்து, “ஃபாதர் எப்ப வருவாருங்க?” என்று கேட்டேன். “வந்துட்டாருங்க, உக்காருங்க” என்றார். அவர்தான் அந்தத் துறையின் தலைவர். எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. மார்க்கெட்டில் பேசுகிற பேச்சையே பேசினேன். “நீங்கதான் ஃபாதர் பாத்து செய்யணும்.”

அவர் சிரித்தார். “நாங்க செய்யறதுக்கு ஒண்ணும் மிச்சம் வைக்கலீங்க. எல்லாத்தையும் உங்க பொண்ணே முடிச்சிட்டாங்க.”

மறுநாள் மார்க்கெட் டீக்கடையில் நான் சொன்ன கதையில் ஃபாதரின் இந்த வாக்கியம் இல்லை. எங்கள் மார்க்கெட்டில் எதுவும் தானாக நடக்காது. கிரேன் முதலில் நம் லாரிக்கு வர வேண்டுமா, யாராவது சொல்ல வேண்டும். எடை மேடையில் வரிசை தாண்ட வேண்டுமா, யாராவது சொல்ல வேண்டும். சொல்ல ஆள் இல்லாதவனை ஆளாகவே எண்ண மாட்டார்கள். தகுதியால் கிடைத்தது என்று அங்கே சொன்னால், பாவம், இவனுக்கு யாரும் இல்லை போலிருக்கிறது என்பார்கள். என் ஷெட்டுக்கு எதிர் ஷெட்டுக்காரர் தெற்கத்தி வியாபாரி. வண்ணாரப்பேட்டையில் வீடு. அவர் மகனும் அதே கல்லூரியில் அதே வகுப்பில் சேர்ந்திருந்தான்.

“யாரைப் பிடிச்சீய?” என்றார்.

“யாரையும் புடிக்கல அண்ணாச்சி. நானே ஃபாதர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னேன். முடிஞ்சுது.”

“ஒரு வார்த்தையிலயா?”

“நம்ம வார்த்தை அப்படி.”

டீ அன்று இனித்தது.

அவளுக்கு முதல் ஆறு மாதம் கஷ்டம்தான். விம்கோ நகரில் ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் வேறு ரயில் மாறிப் போவாள். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பார்களாம். சொன்னால், அது சென்னையிலா இருக்கிறது என்பார்களாம். ஒரு நாள் வகுப்பில் எழுந்து, என்ன என்பதற்குப் பதில் ‘இன்னா’ என்று வாயில் வந்துவிட்டது. பின் வரிசை சிரித்தது. அதற்கப்புறம் கல்லூரிக்குள் வாயை அளந்துதான் திறந்தாள். நான் ஒரு முறை கட்டணம் கட்டப் போனபோது கேட் அருகே என்னைப் பார்த்து, “அப்பா” என்று கூப்பிட்டாள். பிறந்ததிலிருந்து நைனா என்று கூப்பிட்டவள். யாரையோ கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன்.

பிறகு மெல்ல மாறியது. அவளுடைய நோட்டுப் புத்தகத்தில் பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி இருந்த இடத்தில் நாலு ஆங்கில எழுத்து வந்தது. “இன்னா இது, மதம் மாறிட்டியா?” என்று கேட்டேன். “இல்ல நைனா. அந்த ஃபாதருங்க எல்லாத்துக்கும் மேல இதைப் போடுவாங்க. செய்யறது எல்லாம் சாமி பேருக்கு, நம்ம பேருக்கு இல்லன்னு அர்த்தம்.” நான் சிரித்தேன். நம் பேருக்கு இல்லையென்றால் எதற்குச் செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவள் சுழியையும் போட்டு, நாலு எழுத்தையும் போட்டு, கணக்கு எழுதினாள்.

முதல் வருஷக் கடைசியில் துறையில் ஒரு சந்தை வைத்தார்கள். மாணவர்களே கடை போட்டு விற்க வேண்டும். மற்றவர்கள் கேக், வாழ்த்து அட்டை, டீ ஷர்ட் என்று போட, இவள் அத்தோக் கடை போட்டாள். பர்மாவிலிருந்து வந்தவர்கள் எங்கள் பக்கம் கொண்டுவந்த நூடுல்ஸ் அது. கையாலேயே பிசைந்து, வறுத்த வெங்காயமும் எலுமிச்சையும் போட்டு, பக்கத்தில் வாழைத்தண்டு சூப்பு. தெருவில் அத்தோ விற்கிற அம்மாவிடம் ஒரு வாரம் நின்று கற்றுக்கொண்டு போனாள். கூட நின்றவள் ஹாஸ்டலில் தங்கியிருந்த தூத்துக்குடிப் பெண். இவள் அன்று வாயை அளக்கவில்லை. “வாண்ணா, வாக்கா, துன்னு பாரு, புடிக்கலன்னா சண்டைக்கு வா” என்று எங்கள் தெருப் பேச்சிலேயே கூவினாள். பகல் பன்னிரண்டு மணிக்கெல்லாம் பாத்திரம் காலி. பின் வரிசையில் சிரித்த பையன்களே வரிசையில் நின்றார்களாம். ஃபாதர் இரண்டாவது தட்டு கேட்டு, இல்லை என்று திரும்பினாராம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமலே சொன்னாள். “நைனா, நான் அங்க ஒரு ஆளு.”

இரண்டாம் வருஷம் துறைச் சங்கத்துக்குச் செயலாளர் தேர்தல் வந்தது. அவளை நிற்கச் சொன்னது பின் வரிசையில் சிரித்த அதே பையன்கள்தான். இருக்கிற இடத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு இருந்தவளுக்கு, அந்த இடம் தன்னுடையது என்று தெரிகிற நேரம் அது. அதில்தான் நான் கை வைத்தேன்.

ஒரு நாள் சாப்பிடும்போது, துறைக்கு வெளியே மரத்தடியில் உட்கார இடமில்லை, எல்லாரும் தரையில்தான் உட்காருகிறோம் என்றாள். சும்மா சொன்னாள். எனக்கு அது ஆர்டர் வந்த மாதிரி. மறுநாளே பட்டறையில் சொல்லிவிட்டேன். பன்னிரண்டு பெஞ்சு. இரும்புச் சேனலில் கால், நல்ல கனத் தகட்டில் இருக்கை, சாய்ந்துகொள்ள முதுகுத் தகடு.

எங்கள் பக்கம் கோயிலுக்கு ஒரு ட்யூப் லைட் கொடுத்தால் அதன்மேல் ‘உபயம்’ என்று போட்டு, கொடுத்தவர் பெயர், வீட்டுக்காரி பெயர், பிள்ளைகள் பெயர், கடைப் பெயர் எல்லாம் எழுதுவார்கள். எழுத்து கூடக் கூட வெளிச்சம் குறையும். அதை யாரும் குறையாக நினைத்ததில்லை. சர்ச்சுகளில் மின்விசிறியின் இறக்கையில்கூட எழுதிப் பார்த்திருக்கிறேன். அதனால் பெஞ்சு என்றதும் பெயர் என்பது எனக்கு யோசிக்க வேண்டிய விஷயமே இல்லை. யோசித்தது ஒன்றுதான்: பெயின்ட் அழிந்துபோகும். ஆகவே முதுகுத் தகட்டில் எழுத்தை கேஸ் கட்டிங்கில், தீயால் தகட்டைத் துளைத்து, வெட்டச் சொன்னேன். ‘உபயம்’ மேலே, அடியில் மகள் பெயர், பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டு; அதற்கும் அடியில் என் கம்பெனி பெயர். என் பட்டறையில் கை சுத்தமான வெட்டுக்காரர் நாலு நாள் வெட்டினார். வெயிலில் நிறுத்தினால் எழுத்து வெளிச்சமாகத் தரையில் விழும். நான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன்.

“ஏன்யா, அவ கேட்டாளா பெஞ்சு?” என்றாள் என் மனைவி.

“கேட்டா செய்யறதுக்கு நான் இன்னா கடைக்காரனா?”

மகளிடம் சொல்லவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று. ஒரு காலையில் லாரியில் ஏற்றி, முன் சீட்டில் நானே உட்கார்ந்து போனேன். இறக்கும்போது மாணவர்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஃபாதர் வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். எழுந்து முதுகுத் தகட்டைத் தடவினார்.

“பெஞ்சு பிரமாதம் ஐயா. பேரு வேண்டாமே. பின்னால ஒரு தகடு வச்சு மூடிடலாமா?”

“மூடறதுக்கா ஃபாதர் வெட்டினேன்?”

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். வந்த விருந்தாளியை அவமானப்படுத்தக் கூடாது என்று விட்டார் என்பது இப்போது புரிகிறது. அன்றைக்கு என் பேச்சுக்கு அடங்கினார் என்று நினைத்தேன்.

உயரமான ஒரு பையன் கேட்டான்: “அங்கிள், இவ்வளவும் ஃப்ரீயாவா?”

“ஃப்ரீ இன்னாப்பா ஃப்ரீ! எம் பொண்ணுக்கு இங்க சீட்டு நான் சொல்லித்தான் கெடைச்சுது. ஃபாதர்கிட்ட ஒரே வார்த்தை. அதுக்கு நாம திருப்பிச் செய்யணும் இல்ல?”

ஃபாதர் அதற்குள் போயிருந்தார். கேட்டவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். அண்ணாச்சியின் மகன் அதில் ஒருவன். என் மகள் அப்போதுதான் மாடிப்படி இறங்கி வந்தாள். பெஞ்சைப் பார்த்தாள், எழுத்தைப் படித்தாள், என்னைப் பார்த்தாள். “நைனா” என்றாள். கல்லூரிக்குள் அவள் அப்படிக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

ஒரு வாரத்தில் அவளுக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. ஸ்போர்ட்ஸ் கோட்டா, மேனேஜ்மென்ட் கோட்டா மாதிரி, பெஞ்சு கோட்டா. அந்தப் பெஞ்சுகள் வேறு சும்மா இருக்கவில்லை. வெட்டின விளிம்பில் பெயின்ட் நிற்காது என்பது தொழிலில் இருக்கிற எவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும், அவசரத்தில் விட்டுவிட்டேன். முதல் மழையில் எழுத்தின் ஓரமெல்லாம் துரு பிடித்தது. சாய்ந்து உட்கார்ந்தவனின் வெள்ளைச் சட்டையில் துரு ஒட்டியது. முதுகில் அவள் பெயர் இடம்வலம் மாறிப் பதிந்த சட்டையோடு ஒருவன் வகுப்புக்குள் வர, பாடம் நடத்திய ஆசிரியரே சிரித்துவிட்டாராம்.

அவள் என்னிடம் வந்து கேட்டாள். சத்தம் போடவில்லை. “நைனா, அன்னிக்கு அவங்ககிட்ட நீ இன்னா சொன்ன?”

“நான் ஒண்ணும் சொல்லலியே. வயித்தெரிச்சல் புடிச்சவனுங்க ஏதாவது சொல்லிக்கினுதான் இருப்பானுங்க.”

“ஃபாதரும் வகுப்புல சொல்லிட்டாரு, நான் மார்க்குல வந்தேன்னு. நம்ப மாட்றாங்க. பெஞ்சு வாங்கிக்கினவரு வேற எப்படிச் சொல்லுவாருன்றாங்க. நீ வந்து சொன்னாதான் நம்புவாங்க. வெள்ளிக்கிழமை முதல் பீரியடு ஃபாதர் பீரியடு. வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லு. எம் பொண்ணு அவ மார்க்குல சேந்தா, நான் சொன்னது சும்மா பீலான்னு. எல்லாரும் சிரிப்பாங்க, அதோட முடிஞ்சிடும்.”

“அவ்ளோதானா? வந்துர்றேன்.”

“சத்தியமா?”

“உன் தலைல அடிச்சு சொல்லணுமா? போ, போய் படி.”

வெள்ளிக்கிழமை அவள் முன் ரயிலில் போய்விட்டாள், ஃபாதரிடம் சொல்லி வைக்க. நான் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அடுத்த ரயிலில் ஏறினேன். ஒரு வார்த்தைதானே என்று திருவொற்றியூர் வரைக்கும் எளிதாகத்தான் இருந்தது. சொல்லியும் பார்த்தேன், உதட்டுக்குள். வண்ணாரப்பேட்டையில் அண்ணாச்சியின் மகன் ஏறினான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து பக்கத்தில் நின்றான். மரியாதையான பையன்.

“என்ன அங்கிள், எங்க காலேஜுக்கா?”

அந்தக் கேள்வியில் எனக்கு முழு மார்க்கெட்டும் தெரிந்தது. நான் வகுப்பில் சொல்வது சாயங்காலம் அண்ணாச்சி காதில் விழும். மறுநாள் டீக்கடையில், “ஏண்ணே, உம்ம ஒரு வார்த்தை பீலாவாமே?” என்பார். இருபத்தைந்து வருஷம் கட்டிய பேர். என் வாய்ச் சொல்லுக்கு லாரி லாரியாகச் சரக்கு அனுப்புகிறவர்கள் அங்கே உட்கார்ந்து டீ குடிக்கிறவர்கள்தான். இப்படியெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குச் சிரிப்புக்குப் பயம். அவள் ஆறு மாதம் தாங்கிய சிரிப்பு அது. எனக்கு ஒரு நாள் தாங்க முடியவில்லை.

“இல்லப்பா. ராயபுரத்துல ஒரு பார்ட்டிய பாக்கணும்.”

ராயபுரத்தில் இறங்கினேன். அவன் கதவருகே நின்று கையசைத்தான். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், முதல் பீரியடு முடிகிற வரைக்கும். இரண்டு ரயில் பீச் பக்கம் போனது. இரண்டிலும் ஏறியிருக்கலாம். மூன்றாவதாக வந்தது திரும்பிப் போகிற ரயில். அதில் ஏறினேன்.

அவள் வகுப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தாளாம். ஃபாதர் இருபது நிமிஷம் பாடத்தைத் தொடங்காமல் காத்திருந்தாராம். பிறகு, “உள்ள வாம்மா” என்றாராம். மதியமே செயலாளர் தேர்தலிலிருந்து பெயரை எடுத்துவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

“லோடு வந்துச்சா நைனா?” என்று அவளே கேட்டாள்.

“ஆமாம்மா. திடீர்னு வந்துடுச்சு. விட்டு வர முடியல.”

“சரி.”

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் அந்தக் கல்லூரியில் படித்தாள். நல்ல மதிப்பெண். ஆனால் காலையில் போய் மணி அடித்ததும் திரும்பினாள். அத்தோக் கடை இல்லை, சங்கம் இல்லை. கடைசி நாள் வகுப்புப் படத்துக்கு நிற்கவில்லை. ‘நான் அங்க ஒரு ஆளு’ என்று மறுபடி அவள் சொல்லி நான் கேட்கவில்லை. இன்றைக்குப் பாரிமுனையில் சொந்தமாகச் சரக்கு அனுப்பும் அலுவலகம் வைத்திருக்கிறாள். என்னிடம் ஒரு உதவி கேட்டதில்லை. அவளைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எனக்கு எவ்வளவோ இருக்கிறது; சொல்ல வாய் வருவதில்லை.

சில மாதங்களுக்கு முன் தூத்துக்குடிப் பெண் போன் செய்தாள். பழைய மாணவர்கள் ஒன்றுகூடி ஒரு மலர் வெளியிடுகிறார்களாம்.

“சொகமா இருக்கியளா அங்கிள்? மலர்ல உங்க கம்பெனி வாழ்த்து ஒரு பக்கம் போடலாம்லா?”

போடலாம் என்றேன். என் மகளைப் பற்றி என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். படித்துக் காட்டினாள். ‘துறைச் சங்கச் செயலாளர் தேர்தலில் நின்றவர், படிப்பில் கவனம் செலுத்துவதற்காகத் தாமாகவே விலகிக்கொண்டார்.’

“இதை யார் எழுதினா?”

“அவளேதான் அங்கிள் எழுதிக் குடுத்தா. கூட்டத்துக்கு வர மாட்டாளாம்.”

அன்றைக்கு லோடு வந்துவிட்டது, அதனால்தான் என்னால் வர முடியவில்லை என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண் இடைமறித்தாள். “விடுங்க அங்கிள். அன்னைக்கு அவளும் நானும் வாசல்லதான் நின்னோம். அந்த வண்ணாரப்பேட்டைப் பையன் வந்து சொன்னான். உங்கப்பாவ ட்ரெயின்ல பார்த்தேன், ராயபுரத்துல இறங்கிட்டாரேன்னு.”

அப்படியானால், லோடு வந்துச்சா நைனா என்று கேட்டபோதே அவளுக்குத் தெரியும். தெரிந்து கேட்டாள். இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். என் முன்னால் தட்டில் சோறு இருந்தது, அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் ஆமாம்மா என்றேன்.

மலர் அச்சிடுகிறவர்களுக்கு என் கோரிக்கை இது. வாழ்த்துப் பக்கம் எனக்கு வேண்டாம். அந்தப் பக்கத்தில் இதைப் போடுங்கள்: இவர் தம் மதிப்பெண்ணால் இந்தக் கல்லூரியில் சேர்ந்தவர், இவருடைய அப்பா வேறு மாதிரிச் சொன்னது பொய். தாமாகவே விலகிக்கொண்டார் என்கிற வரியை எடுத்துவிடுங்கள். அவள் எழுதிக் கொடுத்திருந்தாலும் எடுத்துவிடுங்கள். அவளை விலக வைத்தது நான். அந்த வேலையை நான் ஒருவனே செய்தேன். ஃபாதருக்கோ அந்தப் பையன்களுக்கோ அவளுக்கோ அதில் கூட்டு இல்லை. என் பங்கை அவள் பேரில் எழுதாதீர்கள். என் பேரில் எழுதுங்கள்.